இரண்டு விநாடிக்குள் ஒரு வீச்சு

மெர்ல் யூர்கன்ஸ் ஒருமுறை எழுதியதை அடித்து எழுதுகிற ஆள் இல்லை. முப்பது வருஷமாக நெப்ராஸ்கா முழுக்க ஊர் ஊராகக் கார் ஓட்டிப் போய், பேஸ்பால் ஆடுகிற பையன்களைப் பார்த்து, இவன் தேறுவான், இவன் தேறமாட்டான் என்று கிளப்புக்கு எழுதி அனுப்புவதுதான் அவர் பிழைப்பு. ஏப்ரலில் ஒன்று எழுதிவிட்டு மே மாதத்தில் வேறொன்று எழுதுகிறவனுக்கு இந்தத் தொழிலில் மரியாதை கிடையாது. அப்புறம் அவன் எதை எழுதினாலும் மேலே இருக்கிறவர்கள் சிரித்துக்கொண்டேதான் படிப்பார்கள்.

அப்படிப்பட்ட மனுஷன்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லுடெக் என்கிற ஊரின் மைதானத்துக்கு, ஏற்கெனவே கழித்துக்கட்டிய ஒரு பையனைப் பார்க்க இரண்டாம் தடவையாக வந்து நின்றார்.

பையன் பெயர் டாரல் வோசிகா. வயது பதினெட்டு. கேட்சர், அதாவது மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தை வாங்குகிறவன். ஏப்ரலில் ஆலங்கட்டி மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு நாளில் மெர்ல் அவனைப் பார்த்திருந்தார். பந்தை வாங்குகிற கை என்றால் கை, அப்படி ஒரு கை. எவ்வளவு கோணலாக வந்தாலும் சத்தமில்லாமல் வாங்கி நேராக்கிவிடுவான். மண்ணில் குத்தி எகிறுகிற பந்துக்கு நெஞ்சைக் கொடுத்து விழுவான், முகத்தைத் திருப்பமாட்டான். எல்லாம் இருந்தது. ஆனால் எறிகிற கை மட்டும் போதவில்லை. எதிரணிக்காரன் இரண்டாம் பேஸைத் திருட, அதாவது பந்தை யாரும் அடிக்காமலே அடுத்த நிலைக்கு நழுவிச் சேர, ஓடும்போது, கேட்சர் பந்தை வாங்கி அங்கே எறிந்து சேர்க்க வேண்டும். இரண்டு விநாடிக்குள் சேர்ந்தால் அவன் மேலே போவான். சேராவிட்டால் ஊரோடு இருந்துகொள்ள வேண்டியதுதான். டாரலுக்கு அன்றைக்கு மூன்று தடவையும் இரண்டு விநாடிக்கு மேலேயே ஆனது. இருபதில் தொடங்கி எண்பதில் முடிகிற மதிப்பெண் கணக்கில் 'கை: முப்பத்தைந்து' என்று எழுதி அனுப்பிவிட்டார்.

அதற்கப்புறம்தான் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அவரும் ஒரு கேட்சர். அவரையும் ஒரு ஆள் மழை நாளில் ஒரே தடவை வந்து பார்த்துவிட்டுப் போனான். திரும்பி வரவே இல்லை. சின்ன ஊர்க் கிளப்புகளில் ஒன்பது வருஷம் உருண்டுவிட்டு, வளைந்து போன விரல்களோடு அவர் வீட்டுக்கு வந்துசேர்ந்தார்.

நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கிளப்பில் கூட்டம். யார் யாரை எடுப்பது என்கிற பட்டியல் அதோடு மூடப்பட்டுவிடும். டாரலின் பெயர் அதில் ஏற வேண்டுமானால் மெர்லின் கடிகாரத்தில் இன்றைக்கு ஒரு நல்ல எண் விழ வேண்டும்.

"என்னண்ணே, பழைய காதலியப் பாக்க வந்த மாதிரி பதுங்கிப் பதுங்கி வர்றீங்க?" என்றது ஒரு குரல். வேறொரு கிளப்புக்கு ஆள் பார்க்கிற ரே பாட்ஸ். சூரியகாந்தி விதையை மென்று மென்று காலடியில் ஒரு குப்பைமேடே கட்டியிருந்தான். ஆட்டத்தைவிட அடுத்தவன் நோட்டைப் பார்ப்பதில்தான் அவனுக்கு அக்கறை அதிகம்.

"போற வழிடா. கால் நீட்ட இறங்கினேன்."

"இந்த ஊர் எந்த ஊருக்குண்ணே வழி? இதுக்கப்புறம் சோளக்காடுதானே இருக்கு?"

"வாயை மூடிக்கிட்டு விதையத் தின்னு."

ஆட்டம் தொடங்கியது. மெர்ல் கடிகாரத்தை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்தார். இரண்டாவது சுற்றிலேயே ஒருவன் திருட ஓடினான். டாரலின் கையுறையில் பந்து 'டப்'பென்று விழுந்த கணத்தில் ஒரு அழுத்து. இரண்டாம் பேஸில் நின்ற அவன் அணிப் பையன் டோபி செட்லாக்கின் கையுறைக்குள் அது போனதும் இன்னொரு அழுத்து. இரண்டு புள்ளி ஒன்று மூன்று. மூன்றாவது சுற்றில் இன்னொருவன் ஓடினான். இரண்டு புள்ளி ஒன்று நான்கு.

"கை இல்லண்ணே இவனுக்கு. நான் போன மாசமே அவன் பேரு மேல கோடு போட்டுட்டேன்" என்றான் ரே.

மெர்ல் பெருமூச்சு விட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து எண்ணை எழுதினார். அடுத்து மட்டை பிடித்தவன் மூன்று தடவையும் காற்றைத்தான் அடித்துவிட்டு வெளியேறினான். அப்படி ஒருவன் போனதும் கேட்சர் சும்மா ஒரு சந்தோஷத்துக்கு மூன்றாம் பேஸ்காரனுக்குப் பந்தை எறிவது வழக்கம். அதை யாரும் கடிகாரம் வைத்துப் பார்ப்பதில்லை. மெர்லும் பார்க்கவில்லை, நோட்டில்தான் கண் இருந்தது. ஆனால் காது சும்மா இருக்குமா?

டமார்!

அவர் தலையைத் தூக்கினார். மூன்றாம் பேஸ்காரன் கையுறையைக் கழற்றிக் கையை உதறிக்கொண்டிருந்தான். ரே கீழே சிந்திய விதையைப் பொறுக்கிக்கொண்டிருந்தான், நல்லவேளை. மெர்ல் தொழில் தெரிந்தவர், முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஒரு கொட்டாவி விட்டார்.

அடுத்த தடவை ஒருவன் ஓடியபோது அவர் கடிகாரத்தை அழுத்தவே இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு டாரலின் முழங்கையைப் பார்த்தார். பந்தை விடுகிற நேரத்தில் அது துளியூண்டு மேலே ஏறி இளகியது. பந்து கொஞ்சம் வளைந்து, பூப்போல டோபியிடம் போனது. அது வந்து சேருமுன் டோபி கண்ணை இறுக்கி மூடி முகத்தை ஒரு விரல்கடை திருப்பினான். பிடித்தும் விட்டான்.

அட முட்டாளே என்று மெர்ல் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். முப்பது வருஷ அனுபவம், மண்ணாங்கட்டி! கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாயே தவிர, அந்தப் பக்கம் யார் பிடிக்கிறான் என்று ஒரு தடவையாவது பார்த்தாயா?

எழுந்து தின்பண்டக் கடைக்குப் போனார். டாரலின் அம்மா வெர்னா அங்கே பிளம் பழம் வைத்துச் சுட்ட கொலாச்சி ரொட்டி விற்றுக்கொண்டிருந்தாள். நல்ல தோள் அகலம். தொழில் புத்தி, ஒரு பையனின் உடம்பு இன்னும் எவ்வளவு வளரும் என்று அம்மாவின் தோளைப் பார்த்துத்தான் மெர்ல் கணக்குப் போடுவார்.

"ஒண்ணு கொடும்மா. உன் பையனும் அந்த ரெண்டாம் பேஸ் பையனும் ரொம்ப சிநேகிதமோ?"

"டோபியா? அவன் பாதி நாள் எங்க வீட்லதான் சாப்பாடு. நான் பெக்காத பிள்ளை." அவள் குரல் இறங்கியது. "போன ஆகஸ்ட்ல பாவம், கண்ணுல வெயில் அடிச்சிருச்சு. டாரல் எறிஞ்ச பந்து நேரா மூஞ்சியில. கன்ன எலும்பு நொறுங்கிப்போச்சு. உள்ள தகடு வெச்சிருக்காங்க, தொட்டுப் பாத்தா தெரியும். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில. இவன் அந்த நாற்காலிய விட்டு நகரலயே! டாக்டர் ஊசி போட வந்தா, நகருடா தம்பின்னு இவனத் தள்ள வேண்டியிருந்தது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, இனிமே பந்தைத் தொடமாட்டேன்னுட்டான் இவன். டோபிதான் கட்டுப் போட்ட மூஞ்சியோட வந்து, நீ ஆடலேன்னா நானும் ஆடலேன்னு இழுத்துக்கிட்டுப் போனான். இன்னொண்ணு எடுத்துக்குங்க, இது நல்லா வெந்தது."

மெர்ல் இரண்டாவதையும் வாங்கிக்கொண்டார். டோபிக்காக டாரல் வேண்டுமென்றே கையை அடக்கி எறிகிறான் என்பது இந்த ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று யோசித்துப் பார்த்தார். மூன்றாம் பேஸ்காரனுக்கு நிச்சயம் தெரியும், அவன் கைதான் வீங்குகிறது. பயிற்சி கொடுக்கிறவருக்கும் தெரியாமல் இருக்காது. அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

ஆட்டம் முடியும்வரை அவர் இருக்கவில்லை. இருந்தால் ரேவுக்கு மூக்கு வியர்த்துவிடும். ஆறாவது சுற்றில் எழுந்து, "ஒண்ணும் இல்லடா இங்க. நான் வர்றேன்" என்று காரைக் கிளப்பிக்கொண்டு போனார். தானியக் கிடங்கைச் சுற்றி, தேவாலயத்தைச் சுற்றி, சோளக்காட்டு ஓரமாக முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்திருந்துவிட்டுத் திரும்பி வந்தார். ரேயின் கார் இல்லை. எதிரணியும் போய்விட்டது.

லுடெக்கில் ஆட்டம் முடிந்தால் பையன்களே மைதானத்தைச் சரி செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அவரவர் நிற்கிற இடம் அவரவர் பொறுப்பு. மற்றவர்கள் அவசர அவசரமாக முடித்துவிட்டு ஓடியிருந்தார்கள். டோபி மட்டும் இரண்டாம் பேஸைச் சுற்றி மண்ணை வாரிக் கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தான். டாரல் குழாயடியில் கால்கவசங்களைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

மெர்ல் நேராகப் போய் அவன் முன்னால் நின்று, தான் யார் என்று சொன்னார். பையன் எழுந்து நின்றுவிட்டான்.

"உக்காரு. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்குப் பட்டியல் மூடுறாங்க. உன் பேரு அதுல இல்ல. ஏன் இல்லேன்னா, உனக்குக் கை இல்லேன்னு நான்தான் எழுதினேன்."

டாரல் தலையைக் குனிந்துகொண்டான். "சரிங்க சார்."

"என்னடா சரிங்க சார்? எங்கிட்டயே கதை விடுறியா? மூணாம் பேஸுக்குப் போச்சே ஒண்ணு, அது யாரு எறிஞ்சது? உங்கம்மாவா?"

பையனின் முகம் வெளுத்துப்போனது. டோபி இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னான். "சார், மெதுவா பேசுங்க. அவனுக்குத் தெரியாது. பழையபடி பிடிக்கிறோம்னு நினைச்சுக்கிட்டிருக்கான். இந்தக் கோடையோட அவன் அவங்கப்பாவோட பன்னிப் பண்ணைக்குப் போயிருவான் சார். அதுக்கப்புறம் அவனுக்கு ஆட்டமே கிடையாது. இந்த ரெண்டு மாசம் போகட்டுமே."

"உனக்கும்தான்டா இந்த ரெண்டு மாசத்தோட முடிஞ்சுபோகும்."

"பரவால்ல சார்."

பரவாயில்லை என்று வாய் சொன்னது. கண் அப்படிச் சொல்லவில்லை. மெர்லுக்குக் கோபம் கோபமாக வந்தது, அதைவிட அதிகமாக அந்தப் பையனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டார்.

"இங்க பாரு. நான் கண்ணால பாக்காத எண்ண எழுதமாட்டேன். இன்னிவரைக்கும் எழுதினதில்ல. நான் போய் ரெண்டாம் பேஸ்ல நிக்கிறேன். எனக்கு எறி."

"உங்களுக்கா? கை போயிரும் சார்!"

மெர்ல் தன் வலது கையை விரித்துக் காட்டினார். ஐந்து விரலும் ஐந்து திசையைப் பார்த்தன. "போறதுக்கு இனிமே என்ன இருக்கு?"

டாரலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பந்தைப் பிடிக்கிறவர் கடிகாரத்தையும் பிடிக்க முடியாதே. வேறு யார் இருக்கிறார்கள் என்று மெர்ல் திரும்பிப் பார்ப்பதற்குள், மண்வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு டோபி வந்துவிட்டான்.

"என்ன சார், இவனப் பாக்க வந்தீங்களா? அப்பவே நினைச்சேன்! டேய், சொன்னேன்ல? கடிகாரத்த எங்கிட்ட கொடுங்க சார், நான் அழுத்துறேன். இந்தாங்க என் கையுறை."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் அகப்படவில்லை. டாரல் மெர்லைப் பார்த்தான், மெர்ல் வானத்தைப் பார்த்தார். டாரலுக்குப் பந்து போட ஆள் வேண்டுமே என்றதும், கடையை மூடிவிட்டு வந்த வெர்னா மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு, "அவனுக்கு ஆறு வயசுல இருந்து நான்தானே போடுறேன்" என்று முன்னால் வந்தாள்.

"போட்டதும் குனிஞ்சுக்கணும்மா" என்றான் டாரல்.

"எனக்குத் தெரியும் போடா."

மெர்ல் இரண்டாம் பேஸில் போய் நின்றார். கோடு கோடாக வாரி வைத்திருந்த மண்ணில் அவருடைய செருப்புத் தடம் பதிந்தது. டோபியின் கையுறை உள்ளே இன்னும் சூடாக இருந்தது. டோபி கடிகாரத்தோடு டாரலுக்குப் பக்கத்தில் நின்றான். வெர்னா பந்தைப் போட்டுவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பந்து அவள் தலைக்கு மேலே வளைந்து, பூப்போல வந்து மெர்லின் கையில் விழுந்தது.

"ரெண்டு புள்ளி ஒண்ணு மூணு!" என்று டோபி கத்தினான்.

மெர்லுக்குப் புரிந்துவிட்டது. பையன் டோபியின் முன்னால் எறியமாட்டான். பட்டியல் போனாலும் போகட்டும், எறியமாட்டான். ஒரு வார்த்தை போதும், டோபியிடம் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டால் காரியம் முடிந்துவிடும். அந்த வார்த்தை அவருடைய நாக்கு நுனிவரை வந்தது. டாரல் அங்கிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான், முகக்கவசத்துக்குள்ளிருந்து அந்தக் கண்கள் கெஞ்சின. மெர்ல் வார்த்தையை விழுங்கிவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

"அவ்வளவுதான்னா சரி, தம்பி. நான் கிளம்புறேன்."

அவர் நாலு அடி நடந்திருப்பார். டோபி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னான்.

"டேய், போதும்டா."

"என்னடா?" என்றான் டாரல்.

"போதும்னேன். ஒன்பது மாசமா எனக்குப் பூப்பந்து போட்டுக்கிட்டிருக்க. எனக்குக் காது இல்லியா? மூணாம் பேஸ்ல விழுற சத்தம் எனக்குக் கேக்காதா?"

டாரல் முகக்கவசத்தைக் கழற்றினான். "உனக்குத் தெரியுமா? அப்ப ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ மறுபடியும் பந்தைத் தொடமாட்டேன்னு போயிருவ. ஆஸ்பத்திரியில உன் மூஞ்சியப் பாத்தவன்டா நான். அடிபட்டது எனக்கு, செத்தவன் மாதிரி உக்காந்திருந்தது நீ. இவனுக்குப் பயம் தெளியட்டும், தெளியட்டும்னு நான் பாத்துக்கிட்டிருந்தேன். நீ என்னடான்னா என் பயம் தெளியணும்னு காத்துக்கிட்டிருக்கியா?" டோபியின் குரல் உடைந்தது. "அதுக்காக இன்னிக்குமா? இந்த மனுஷன் வந்து நிக்கிறாரு, இன்னிக்குமாடா பூப்பந்து போடுவ, எருமை!"

வெர்னா உட்கார்ந்த இடத்திலேயே வாயில் கையை வைத்துக்கொண்டு அழுதாள். டோபி நேராக நடந்து வந்து கடிகாரத்தை மெர்லின் கையில் திணித்தான். தன்னுடைய கையுறையைப் பிடுங்கிக்கொண்டான்.

"நீங்க போய் அங்க நில்லுங்க சார். இது என் இடம்."

"தம்பி, வேண்டாம். உன் கன்னம்..."

"உள்ள தகடு இருக்கு சார். மத்தவங்களுக்குத்தான் எலும்பு."

இரண்டாம் பேஸில் போய் நின்று, மெர்லின் செருப்புத் தடத்தைக் காலால் அழித்தான். முழங்கால்களை வளைத்தான். "போடுடா! வளைஞ்சு வந்துச்சுன்னா மண்வாரியாலயே அடிப்பேன்!"

மெர்ல் டாரலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். டாரல் கண்ணைத் துடைத்துக்கொண்டு முகக்கவசத்தை மாட்டினான். வெர்னா மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்து பந்தைப் போட்டாள், குப்புறப் படுத்தேவிட்டாள்.

பந்து கையுறைக்குள் விழுந்த சத்தமும் அது வெளியே கிளம்பிய சத்தமும் மெர்லுக்கு ஒன்றாகவே கேட்டன. பந்து வளையவில்லை. முழங்கால் உயரத்தில், கயிறு கட்டி இழுத்ததுபோல் போனது. மெர்ல் பந்தைப் பார்க்கவில்லை, டோபியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் கண்ணை மூடவில்லை. முகத்தைத் திருப்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை அகல விழித்துக்கொண்டு நின்றான்.

டமார்!

பந்து கையுறைக்குள் இருந்தது. டோபி அதை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊளையிட்டான். டாரல் மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"எவ்வளவு சார்?" என்று அங்கிருந்து டோபி கத்தினான். "எவ்வளவு?"

மெர்ல் உள்ளங்கையைத் திறந்து பார்த்தார். கடிகாரத்தில் மூன்று சுழியம் நின்றது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் அழுத்த மறந்திருந்தார்.

"அழுத்தலடா" என்றார். சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. "இன்னொண்ணு போடச் சொல்லட்டுமா?"

"பத்து போடச் சொல்லுங்க!"

பத்து போட்டான். ஒன்று புள்ளி எட்டு ஏழு. எட்டு ஒன்பது. எட்டு ஆறு. ஒன்றுகூட இரண்டைத் தொடவில்லை. நான்காவதில் மட்டும் டோபி கண்ணை மூடிவிட்டான், பந்து தோளில் பட்டு எகிறியது. டாரல் ஓடப்போனான். "வந்தேன்னா உதைப்பேன், அங்கயே நில்லு" என்று டோபி கத்தினான். பத்தும் முடிந்து அவன் கையுறையைக் கழற்றியபோது உள்ளங்கை பழுத்த பிளம் நிறத்தில் வீங்கியிருந்தது. அதை எல்லோரிடமும் காட்டிக் காட்டிச் சிரித்தான். வெர்னா ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி அதன்மேல் வைத்து அழுத்தி, இருவரையும் பெயர் சொல்லித் திட்டித் தீர்த்தாள்.

பெட்ரோல் நிலையத்து டெலிபோனிலிருந்து மெர்ல் கிளப்புக்குப் பேசினார். பட்டியலை வைத்திருக்கிற க்ளெம் எடுத்தான்.

"வோசிகாவா? நீதானே முப்பத்தஞ்சுன்னு போட்ட?"

"அறுபதுன்னு மாத்திக்க."

"ஒரு மாசத்துல கை வளருமாய்யா? குடிச்சிருக்கியா?"

"கை வளரல. நான் தப்பாப் பாத்துட்டேன். தப்புன்னே எழுதிக்க, என் பேரப் போட்டு எழுதிக்க."

"இத்தனை வருஷத்துல உன் வாயால இதக் கேட்டதே இல்லையே" என்றான் க்ளெம். பென்சில் கீறுகிற சத்தம் கேட்டது. "சரி, ஏத்திட்டேன். நாளைக்கு நீயும் வந்து உக்காரு, கேள்வி கேப்பாங்க. வேற எவனாவது உண்டா அந்த ஊர்ல?"

"ரெண்டாம் பேஸ்ல ஒரு பையன் இருக்கான். டோபி செட்லாக்."

"எப்படி?"

"கால் வேகம் பத்தாது. மட்டை சுமார். நம்ம ஆட்டத்துக்கு ஆகமாட்டான்."

"அப்புறம் அவன் பேர எதுக்குய்யா சொல்ற?"

மெர்ல் டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். சாலையின் அந்தப் பக்கம் டாரலும் டோபியும் ஒருவன் தோளை ஒருவன் இடித்துக்கொண்டு நடந்து போனார்கள். டோபி வீங்கின கையை நெஞ்சோடு அணைத்திருந்தான்.

"சும்மாதான்" என்றார். "எங்கயாவது ஒரு ஓரத்துல எழுதி வை."